முதலில் எந்தப் பாட்டு? – எங்கட பிள்ளைகளின் பாண்டும் புளூஸின் கதையும்

நீளமான பதிவு. பின்னேரம் கேணிப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள் அங்கே இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவில் நடந்ததைப் பலர் நேரில் பார்த்தீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ட்றம்பெட், சாக்ஸபோன், ட்றொம்போன் என்று வாத்தியங்கள் அனுப்பியிருந்தார்கள். அதுவரை விளையாட்டுப் போட்டிக்கு மேளம் அடித்து நடந்த பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஜாஸ் பாண்ட் ஆகிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். 'இன் த மூட்' என்ற பிரபலமான உருப்படியை இணையத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தோம். கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் யாரையும் குறை சொல்ல வரவில்லை. பாதி வழியில் எல்லோரும் வேறு வேறு இடத்தில் நின்றார்கள். சபையில் சிரிப்பு. தரம் 9 பிள்ளை ஒருத்தி அடுத்த நாளே ட்றம்பெட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்துவிட்டு, "சேர், எனக்கு உயரமான நோட் வராது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் படிப்பிப்பது வரலாறு. சங்கீதம் எனக்குக் கேள்வி ஞானம் மட்டும்தான். ஆனால் அந்தப் பெட்டி என் மேசையில் ஒரு கிழமை கிடந்தது. வேறு ஊர்களில் வேறு காலங்களில் ஒன்றும் தெரியாத பாண்டுகள் எப்படி வளர்ந்தன, முதலில் எதை வாசித்தன என்று தேட ஆரம்பித்தேன். தேடியதைத்தான் எழுதுகிறேன். (இசை ஆகுமா ஆகாதா என்று கேட்டு எனக்கு எழுதும் சகோதரர்களுக்கு: அது வேறு பதிவு. இங்கே வேண்டாம்.)

முதலில் ஒரு திருத்தம். "வெள்ளைக்காரன்ர இசை எங்கட பிள்ளையளுக்கு எதுக்கு?" என்று ஒரு ஐயா போன முறை கேட்டிருந்தார். ஐயா, இது வெள்ளைக்காரனின் இசை இல்லை. வெள்ளைக்காரன் வாங்கி விற்ற மனிதர்களின் இசை.

எங்கள் ஊருக்குத் தெரிந்த ஒரு வருடத்தில் இருந்து தொடங்குகிறேன். 1816 இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்தது. டானியல் பூவர் பாதிரியார் தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். கீரிமலையில் இருந்து சைக்கிளில் போகும் தூரம். பிறகு 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலை. அமெரிக்கா என்றால் எங்களுக்கு அன்றிலிருந்து படிப்பும் வைத்தியமும். அதே அமெரிக்காவில் அதற்கு அடுத்த வருடம், 1817 இல், நியூ ஓர்லியன்ஸ் நகரசபை ஒரு சட்டம் போட்டது. அடிமைகள் ஞாயிற்றுக்கிழமையில், மேயர் குறித்த இடத்தில் மட்டும்தான் கூடலாம். அந்த இடம்தான் கொங்கோ சதுக்கம். அங்கே அவர்கள் மேளம் அடித்தார்கள், வட்டமாக ஆடினார்கள், ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடினார்கள். எங்களுக்கு மிசனரிமார் கொண்டுவந்த அமெரிக்கா ஒன்று. கொங்கோ சதுக்கத்து அமெரிக்கா இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விசயம் சொல்லாமல் போகமுடியாது. செனகல், கம்பியா, மாலிப் பக்கம் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். சில்வியான் டியூஃப் என்ற வரலாற்றாசிரியர், தெற்கு அமெரிக்கத் தோட்டங்களில் தனியாள் வேலைசெய்துகொண்டே இழுத்துப் பாடிய பாட்டுகளையும் பாங்கொலியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவார். ஒரே சொல்லில் பல சுரங்களுக்கு வழுக்கிப் போவது, குரலின் நடுக்கம், இடையில் விடும் மௌனம் எல்லாம் உண்மையிலேயே ஒத்துப்போகின்றன. ஆனால் "புளூஸ் இசையே பாங்கில் இருந்து பிறந்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை அப்படியே நம்பாதீர்கள். பல நீரோட்டங்களில் அது ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் ஆராய்ச்சியாளர் சொல்வது. எங்களுக்குப் பெருமை வேண்டும் என்பதற்காக மற்றவனின் துயரத்தை எங்கள் பெயரில் எழுதக்கூடாது.

அடுத்தது ஒரு வாத்தியாரின் கதை. டபிள்யூ. சி. ஹண்டி என்ற கறுப்பின இசைக்காரர் 1900 முதல் 1902 வரை அலபாமாவில் ஒரு கல்லூரியில் சங்கீத ஆசிரியராக இருந்தார். அங்கே ஐரோப்பிய இசைக்குத்தான் மரியாதை. அது பிடிக்காமல் வெளியேறி, மிசிசிப்பியில் ஒரு பாண்டை நடத்தினார். நோட்ஸ் பார்த்து வாசிக்கும் ஒழுங்கான பாண்ட். கிளீவ்லண்ட் என்ற சிறிய ஊரில் ஒரு நடன நிகழ்ச்சியில் சபையில் இருந்து ஒரு துண்டு வந்தது: உங்கள் ஊர்ப் பாட்டு வாசிப்பீர்களா என்று. தெரிந்த பழைய மெட்டு ஒன்றை வாசித்தார்கள். திரும்பவும் ஒரு துண்டு: எங்கள் ஊர்க்காரரைக் கொஞ்சம் வாசிக்க விடுவீர்களா? கிற்றார், மண்டலின், பெரிய பேஸ் என்று அடிபட்ட வாத்தியங்களோடு மூன்று பேர் வந்தார்கள். ஒரே மாதிரியான சின்ன மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார்கள். சபை காசை அள்ளி எறிந்தது. தன்னுடைய ஒன்பது பேருக்கும் அந்த முழு நிகழ்ச்சிக்கும் பேசிய சம்பளத்தைவிட அந்த மூன்று பேரின் காலடியில் கிடந்த காசு அதிகம் என்று ஹண்டி பிறகு தன் சுயசரிதையில் எழுதினார். ஊருக்குத் திரும்பியதும் அந்த மாதிரி மெட்டுகளைத் தன் பாண்டுக்கு எழுத ஆரம்பித்தார். 1912 இல் 'மெம்பிஸ் புளூஸ்', 1914 இல் 'சென்ற் லூயிஸ் புளூஸ்'. முதலாவதின் உரிமையை அற்ப காசுக்கு விற்று ஏமாந்தார். இரண்டாவதைத் தானே பதிப்பித்தார்.

அந்தச் சின்ன மெட்டின் கணக்கு என்ன? மேளச்சத்தம் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரருக்கு அதை ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். அவர்கள் பன்னிரண்டு பார் என்பார்கள், ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு, மொத்தம் 48. எங்கள் கணக்கில் ஆதிதாளம் ஆறு ஆவர்த்தனம். இரண்டு இரண்டு ஆவர்த்தனமாக மூன்று வரி. முதல் வரியில் ஒரு குறை சொல்லுவார். இரண்டாவது வரியில் அதையே திரும்பச் சொல்லுவார். மூன்றாவது வரியில் முடிப்பார். ஒவ்வொரு வரியிலும் முதல் ஆவர்த்தனம் குரலுக்கு, அடுத்தது வாத்தியத்தின் பதிலுக்கு. அடியில் போகும் சுரக்கூட்டத்தின் ஆதாரத்தைப் பார்த்தால், மிக எளிமையான வடிவத்தில் ஆவர்த்தனத்துக்கு ஒன்றாக: ச, ச, ம, ச, ப, ச. அவ்வளவுதான். ஆறாவது முடிய வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், திரும்பவும் தொடங்கலாம். இடையில் ஒரு பிள்ளை வழி தவறினாலும் அடுத்த சுற்றில் வாசலில் நின்று பிடித்துக்கொள்ளலாம். போன வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது இந்த வாசல்தான்.

காந்தாரமும் நிஷாதமும் கொஞ்சம் தாழ்ந்து, இரண்டு சுரத்துக்கு நடுவில் அசைந்து நிற்கும். அதைத்தான் புளூ நோட் என்கிறார்கள். ஹார்மோனியத்தில் அது வராது. நாதஸ்வரத்தில் வரும். நகுலேஸ்வரத்துத் திருவிழாவில் இணுவில், அளவெட்டி வித்துவான்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமான ஒலியே இல்லை.

ஆனால் கணக்குத் தெரிந்தால் போதுமா? போதாது என்பதற்கு இரண்டு சம்பவம்.

1924 இல் நியூயோர்க்கில் பிளெச்சர் ஹெண்டர்சனின் பாண்ட் மிகத் திறமானது. எல்லோரும் நோட்ஸ் பார்த்து எதையும் வாசிப்பார்கள். ஆனால் இசை மரம் மாதிரி விறைத்து நின்றது. அந்த வருடக் கடைசியில் லூயி ஆம்ஸ்ட்ரோங் வந்து சேர்ந்தார். நியூ ஓர்லியன்ஸ் பொடியன். 1912 டிசெம்பர் 31 இரவு தெருவில் துவக்கால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர். அந்த இல்லத்தின் பாண்டில் பீற்றர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவருக்கு எடுத்தவுடன் கோர்னெற் கொடுக்கவில்லை. முதலில் தம்பூரின் என்ற கைப்பறை, பிறகு மேளம், அல்ற்றோ கொம்பு, பியூகிள் என்று படிப்படியாக ஏற்றித்தான் கோர்னெற்றுக்குக் கொண்டுவந்தார். (இந்த டேவிஸ் சேரைப் பற்றி யாரும் ஒரு படம் எடுத்ததாகத் தெரியவில்லை. வாத்திமாரின் விதி.) ஹெண்டர்சனின் பாண்டில் ஆம்ஸ்ட்ரோங் ஒரு வருடம் அளவில்தான் இருந்தார். அதற்குள் அந்தக் கெட்டிக்காரர்கள் எல்லோரும் அவர் தாளத்தில் சாய்ந்து வாசிக்கும் விதத்தைப் பிடித்துவிட்டார்கள். அந்தச் சாய்வுதான் பிறகு ஸ்விங் ஆனது. அதைக் கடதாசியில் எழுதமுடியாது. பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் வரும்.

இரண்டாவது சம்பவம் கவுண்ட் பேஸி. எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துவது இவருடைய கதைதான் என்று நினைக்கிறேன். 1935, 36 இல் கன்சாஸ் சிற்றியில் ரீனோ கிளப் என்ற சின்ன இடத்தில் ஒன்பது பேரோடு வாசித்தார். எழுதிய நோட்ஸ் பெரிதாக இல்லை. சாக்ஸபோன்காரர் ஒருவர் ஒரு குட்டிச் சங்கதியைத் தொடங்குவார். பக்கத்தில் உள்ளவர்கள் அதோடு ஒத்து வாசிப்பார்கள். ட்றம்பெட்காரர் பதில் கண்டுபிடிப்பார்கள். நல்லாயிருந்தால் அடுத்த நாள் ஞாபகத்தில் இருக்கும். கீழே பெரும்பாலும் அதே புளூஸ். வானொலியில் அதைக் கேட்ட ஜோன் ஹமண்ட் என்பவர் வந்து பார்த்து, அவர்களைப் பெரிய நகரங்களுக்குக் கொண்டுபோக வழி செய்தார். ஆளைக் கூட்டினார்கள். 1936 கடைசியில் சிக்காகோவில் கிராண்ட் ரெறஸ் என்ற இடத்தில் ஆட்டக்காரருக்கு எழுதிய நோட்ஸைப் பார்த்து வாசிக்க வேண்டிவந்தது. சொதப்பினார்கள். அப்போது உதவிக்கு வந்தது யார் தெரியுமா? அதே பிளெச்சர் ஹெண்டர்சன். தன்னுடைய சொந்த நோட்ஸையே எடுத்துக் கொடுத்தார். போட்டிக்காரர்தான், ஆனாலும் கொடுத்தார்.

1937 இல் பேஸி 'வன் ஓ குளொக் ஜம்ப்' பதிவு செய்தார். புகழ்பெற்ற அந்த உருப்படி என்ன? பன்னிரண்டு பார் புளூஸ். ரீனோ கிளப்பில் தலைக்குள் இருந்ததை மேடைக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். (அப்போது டெக்கா நிறுவனத்தோடு அவர் போட்ட ஒப்பந்தத்தில் 24 பாட்டுக்கு 750 டொலர், விற்பனையில் பங்கு ஒன்றும் இல்லை. ஹண்டிக்கு நடந்ததே இவருக்கும் நடந்தது.)

இனி எங்கள் பக்கத்துக் கடலுக்கு வருவோம். கோவாவில் போர்த்துக்கீசர் காலத்தில் இருந்து தேவாலயத்தோடு சேர்ந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்கு சுரம் பார்த்துப் பாடவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் பிரிட்டிஷ் இந்தியாவின் ஹோட்டல்கள், மகாராஜாக்களின் பாண்டுகள் எல்லாவற்றிலும் கோவாக்காரர். 1935 கடைசியில் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலுக்கு லியோன் அபி என்பவர் முழுக் கறுப்பின ஜாஸ் பாண்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். பிறகு கிரிக்கற் சிமித், டெடி வெதர்போர்ட் வந்தார்கள். கோவாக்காரருக்கு நோட்ஸ் வாசிப்பதில் குறையே இல்லை. ஹெண்டர்சனின் ஆட்கள் மாதிரித்தான். குறையாக இருந்தது அந்தச் சாய்வு. அதை இவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் பிடித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அந்தோனியோ சேவியர் வாஸ். 'சிக் சொக்லற்' என்று பெயர் வைத்துக்கொண்டு ட்றம்பெட்டில் 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ரோங்' என்று பெயர் எடுத்தார். சி. ராமச்சந்திரா இசையமைத்த 'அல்பேலா' 1951 இல் வந்தபோது அவருடைய பாண்ட் திரையிலேயே தோன்றியது. றேடியோ சிலோனின் ஹிந்திப் பாட்டுக்காகக் காத்திருந்த எங்கள் மூத்த தலைமுறை, பெயர் தெரியாமலே ஸ்விங் கேட்டுத்தான் வளர்ந்தது.

வெதர்போர்ட் யுத்த காலத்தில் கல்கத்தாவில் பாண்ட் நடத்தினார். கப்பலில் வேலைசெய்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞர் அங்கே இறங்கி அவரோடு பாடினார். பின்னாளில் அமெரிக்காவின் பெரிய புளூஸ் பாடகர்களில் ஒருவர். வெதர்போர்ட் 1945 இல் கல்கத்தாவிலேயே வாந்திபேதியில் இறந்தார். வயது 41.

1963 இல் டியூக் எலிங்டனின் பாண்ட் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் மத்திய கிழக்கு, இந்தியா, பாகிஸ்தான் என்று சுற்றியபோது கொழும்புக்கும் வந்தது. அந்தப் பயணத்தின் ஞாபகமாக அவரும் பில்லி ஸ்ட்ரேஹோர்னும் எழுதியவை 1967 இல் 'ஃபார் ஈஸ்ற் சுவிற்' என்று வெளிவந்தன. டெல்லி ஹோட்டல் யன்னலில் கத்திய ஒரு மைனாவின் குரலைக் கிளாரினெற்றுக்கு எழுதியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன், உடனே சிரித்தார்கள். மைனாவை யாருக்குத் தெரியாது?

ஸ்விங் என்ற அந்தச் சாய்வை எப்படிப் படிப்பிப்பது? இதற்கு விடை எனக்குக் கிடைத்தது புத்தளத்தில். 1990 ஒக்ரோபருக்குப் பிறகு நாங்கள் புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள். அங்கே சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் இருக்கிறார்கள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவீரராகவும் வேலையாட்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். போத்தல், கரண்டி, சிரட்டை, மேளம், அவ்வளவுதான் வாத்தியம். மன்ஜா என்று பாடுவார்கள். மெல்லத் தொடங்கும், பிறகு வேகம் ஏறும், நாங்கள் சின்னப் பொடியன்கள் நின்ற இடத்தில் எங்களை அறியாமல் ஆடுவோம். இலங்கை முழுக்கத் தெரிந்த பைலாவும் அந்தப் பக்கத்து உறவுதான். அதன் தட்டு மூன்று மூன்றாகப் பிரியும். ஸ்விங்கும் அப்படித்தான். ஒவ்வொரு தட்டையும் 'தகிட' என்று திஸ்ரமாகப் பிரித்து, 'த'வில் தொடங்கி 'கி'யை விழுங்கி 'ட'வில் அடுத்த சுரத்தை வைத்தால், தா-ட தா-ட. சம அளவில் டக் டக் என்று வாசித்த பிள்ளைகள் இரண்டு நாளில் அசையத் தொடங்கினார்கள். வேகம் கூடினால் அந்த நீளம் தானாகக் குறைந்து சமமாகும். அதனால் தொடக்கத்துக்கு நடுத்தர வேகம்தான் நல்லது, நிமிடத்துக்கு 120, 130 தட்டு.

மெதுவானது சுகம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிழையும் விடப் பார்த்தோம். பேஸிக்காக நீல் ஹெஃப்டி எழுதிய 'லில் டார்லின்' என்ற உருப்படி தாளில் குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும். ஹெஃப்டி அதைக் கொஞ்சம் வேகமாகத்தான் நினைத்து எழுதினார், பேஸிதான் மெதுவாக்கினார். அந்த மெதுவில் எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பிந்துவதற்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் பிந்தினால் ஆளுக்கொரு பக்கம் பிந்துவார்கள்.

போன வருடம் வாசித்த 'இன் த மூட்' கூட உள்ளே புளூஸ்தான். 1939 இல் கிளென் மில்லர் அதைப் பதிவு செய்யும்போது அந்த முக்கியச் சங்கதி ஏற்கனவே பல கை மாறி வந்திருந்தது. 1930 இல் விங்கி மனோன் அதை வேறு பெயரில் வாசித்திருக்கிறார். எங்கள் பிழை பாட்டில் இல்லை. தேர்ந்த கலைஞர்கள் வாசித்த வேகத்திலும் உயரத்திலும் அதைத் தொடக்கக்காரரிடம் கேட்டதில்தான் இருந்தது.

ஆக இந்த வருடம் என்ன எடுத்தோம்? சங்கீத ஆசிரியையும், பொலிஸ் பாண்டில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பயிற்சியாளர் ஐயாவும், நானும் இருந்து பேசி மூன்று உருப்படி மட்டும் எடுத்தோம். முதலாவது எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்', 1942 இல் வெளிவந்தது. அதன் மெட்டில் இருப்பது இரண்டே இரண்டு சுரம். பஞ்சமமும் மேல் ஷட்ஜமும். உலகத்தின் பெரிய பாண்ட் ஒன்று இரண்டு சுரத்தை வைத்துச் சபையைக் கட்டிப்போட்டது என்று சொன்னபோது ஒரு பொடியன் நம்பவே இல்லை, பதிவைப் போட்டுக் காட்ட வேண்டிவந்தது. இரண்டாவது 'வன் ஓ குளொக் ஜம்ப்'. அதைத் தாள் இல்லாமல், ரீனோ கிளப் முறையில், காதால் கேட்டு. மூன்றாவது புளூஸ் அல்லாத ஒன்று இருக்கட்டும் என்று ஸ்ட்ரேஹோர்னின் 'ரேக் தி ஏ ட்ரெயின்'. பள்ளிக்கூடப் பாண்டுகளுக்கென்று சுருக்கி, உயரம் குறைத்து எழுதியது. அமெரிக்க வானொலியின் ஜாஸ் நிகழ்ச்சியை வில்லிஸ் கொனோவர் 1955 முதல் இந்த இசையோடுதான் தொடங்குவார். சிற்றலையில் கேட்ட பெரியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசை.

நான்காவதாக எங்கள் உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை ஸ்விங்காக மாற்றலாம் என்று ஐயா சொல்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. பாட்டு நல்லதுதான், ஆனால் சபை பாடத் தொடங்கினால் பாண்ட் கேட்காது.

அந்த தரம் 9 பிள்ளை, இப்போது தரம் 10, போன சனிக்கிழமை தங்கையைக் கூட்டிப்போக வந்தவள் வாசலில் நின்று கேட்டாள். பதினைந்து நிமிடம் நின்றாள். "இது ரெண்டு நோட்தானே சேர்?" என்றாள். ஓம் என்றேன். பெட்டி இன்னும் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அவளுக்கும் அது தெரியும்.

பயிற்சி சனிக்கிழமை காலை எட்டரைக்கு. பஸ் பிடிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கொஞ்சம் நேரத்தோடு விடுங்கள். வால்வுக்குப் போடும் எண்ணெயும், அல்ற்றோ சாக்ஸபோனுக்கு இரண்டாம் இலக்க ரீட்டும் முடிந்துவிட்டன. கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ வருபவர்கள் கொண்டுவந்து தரமுடியுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.